நகரும் இல்லமும் அறுபடாத குரலும்

இலண்டன் மாநகரின் மேற்கே, பிரெண்ட்ஃபோர்டு என்னும் இடத்தில், தேம்சு நதியிலிருந்து ஒரு கால்வாய் பிரிகிறது. வயல்களையும் சிற்றூர்களையும் குன்றுகளையும் கடந்து, 137 மைல் தொலைவு சென்று, அது பர்மிங்ஹாம் நகரை அடைகிறது. கிராண்ட் யூனியன் கால்வாய் என்பது அதன் பெயர். நிலக்கரியும் செங்கல்லும் தானியமும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்த குதிரைகள் இழுத்துச் சென்ற காலத்தில் வெட்டப்பட்ட பல கால்வாய்களை, 1929-ஆம் ஆண்டில் ஒன்றாக இணைத்து இப்பெயரை இட்டார்கள். இரயிலும் லாரியும் பெருகிய பின் சரக்குப் படகுகள் மறைந்தன. கால்வாய் மறையவில்லை. இன்று அதன்மீது மிதப்பவற்றுள் பல, மக்கள் குடியிருக்கும் இல்லங்களாகும்.

அவற்றை 'நேரோபோட்' என்கிறார்கள். பெயருக்கேற்ப அவை ஒடுங்கிய படகுகளே. அகலம் ஏழு அடிக்கும் சற்றுக் குறைவு. நீளமோ எழுபது அடி வரை போகும். நம் ஊர்த் தெருவில் இரண்டு ஆட்டோக்களை அருகருகே நிறுத்தினால் எவ்வளவு அகலமோ, ஒரு குடும்பத்தின் வீடு அதைவிடவும் குறுகியது. அந்த இரும்புக் கூட்டுக்குள் சமையலறை உண்டு, குளியலறை உண்டு, குளிர்காலத்துக்கு விறகடுப்பு உண்டு, குழந்தையின் கட்டிலும் புத்தக அலமாரியும் உண்டு. கூரையின்மீது பூந்தொட்டிகளும் விறகுக் கட்டும் சைக்கிளும் இருக்கும்.

நீர்நிலைகளின்மீதுள்ள காதலால் இவ்வாழ்வை மேற்கொண்டோர் பலர். வீட்டு வாடகையைத் தாங்க முடியாமல் மேற்கொண்டோரும் பலர். என் தமக்கையாரின் மகன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். படிக்கச் சென்று, பின் அங்கேயே தொழில் பெற்று, மனைவியோடும் நான்கு வயது மகளோடும் ஐம்பத்தேழு அடிப் படகொன்றில் குடியிருக்கிறான். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், மதரஸா விடுமுறையின்போது, மூன்று வாரம் அவனுடைய விருந்தினனாய் இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்ட காட்சிகள் பல. எனினும் வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, ஓயாமல் இடம்பெயரும் அந்த இல்லத்தில் அறுபடாத இணைய இணைப்பொன்றை அவன் எவ்வாறு தேர்ந்துகொண்டான் என்பதையே. அயல்நாட்டில் இருந்துகொண்டு தொலைபேசியிலும் கணினியிலும் பிழைப்பு நடத்தும் பிள்ளைகள் இன்று நம் வீடுகள் பலவற்றில் இருப்பதால், இச்செய்தி அவர்களுக்கும் பயன்படக்கூடும்.

பதினான்கு நாள் விதி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழிகளை 2012-ஆம் ஆண்டு முதல் 'கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்' என்னும் அறக்கட்டளை பராமரித்து வருகிறது. படகு வைத்திருப்போர் அதனிடம் உரிமம் பெற வேண்டும். கட்டணம் செலுத்தி நிலையான படகுத்துறை ஒன்றைப் பெற்றவர் அங்கேயே தங்கலாம். அவ்வாறு பெறாதவர் ஓரிடத்தில் பதினான்கு நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கலாகாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே கூடுதலாகச் சில நாட்கள் நிற்கலாம். படகு பழுதுபட்டாலும், கால்வாய் உறைந்தாலும், நோய் வந்தாலும் அது காரணமாகும்.

என் மருமகனுக்கு நிலையான துறை இல்லை. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவனுடைய முகவரியே மாறுகிறது. தரைவழிக் கம்பி இணைப்பு என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முற்காலத்தில் குதிரைகள் நடந்த கரையோரப் பாதையின் அடியில், பல இடங்களில், நகருக்கு நகர் செய்தி கொண்டு செல்லும் ஒளியிழை வடங்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. மண்ணுக்குள் இரண்டடி ஆழத்தில் ஊர்களின் பேச்செல்லாம் ஓடுகிறது. மேலே கட்டியிருக்கும் படகுக்கு அதிலிருந்து ஓர் இழையும் கிடைப்பதில்லை. வாய்க்கால் ஓரத்தில் நின்று தாகத்தோடு வானத்தைப் பார்ப்பது போன்றதே படகுக்காரரின் நிலை.

பிறர் குரலைச் சுமக்கும் தொழில்

என் மருமகன் மொழிபெயர்ப்பாளன். நூல்களை மொழிபெயர்ப்பவன் அல்லன், பேச்சை மொழிபெயர்ப்பவன். அந்நாட்டு மருத்துவமனைகளுக்கு வரும் தமிழர்களுள், குறிப்பாக ஈழத்திலிருந்து குடிபெயர்ந்த முதியோருள், ஆங்கிலம் அறியாதோர் உண்டு. மருத்துவர் ஒரு முனையில் பேசுவார். நோயாளி அவர் எதிரே அமர்ந்திருப்பார். இவன் தொலைபேசியிலோ கணினித் திரையிலோ இருந்து இருவர் சொல்லையும் மாற்றிச் சொல்ல வேண்டும். சில அழைப்புகள் பத்து நிமிடத்தில் முடியும். சில ஒரு மணிநேரத்தையும் தாண்டும்.

மணியடித்தவுடன் மருமகள் குழந்தையை அழைத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவாள். நானும் எழுந்து போய்விடுவேன். கதவு சாத்தப்படும். மருத்துவ அறையில் பேசப்படுவது மூன்றாம் காதுக்கு எட்டலாகாது என்பது அத்தொழிலின் முதல் விதி. ஏழடிப் படகில் தனியறை என்று வேறு எதைச் சொல்வது? மழை பெய்த ஒரு நாள் நாங்கள் மூவரும் குடை பிடித்தபடி நாற்பது நிமிடம் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில், மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் படகு கட்டியிருந்தபோது, ஓர் அழைப்பு நடுவே அறுந்துபோயிற்றாம். "என்ன பேச்சு என்று சொல்ல மாட்டேன் மாமா, அது அமானிதம். ஆனால் டாக்டர் ஒரு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தை நான் தமிழில் சொல்லிவிட்டேன். மீதிப் பாதி போய்ச் சேரவில்லை" என்றான். மீண்டும் இணைப்புக் கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் மருத்துவமனையார் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் பணியை முடித்திருந்தார்கள். நோயாளிக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லையாம். "இந்த வேலையை விடவேண்டும், அல்லது படகை விடவேண்டும், அல்லது இணைப்பைச் சரிசெய்ய வேண்டும்" என்று மனைவியிடம் சொன்னானாம். முதல் இரண்டும் இயலாதவை. மூன்றாவதை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை இனிக் காண்போம்.

வேகம் வேறு, உறுதி வேறு

இணைப்பு விற்போர் அனைவரும் வேகத்தையே பறைசாற்றுகின்றனர். நொடிக்கு நூறு மெகாபிட், இருநூறு மெகாபிட் என்று விளம்பரம் செய்கின்றனர். ஆனால் குரல் மட்டுமேயான ஓர் அழைப்புக்கு நொடிக்கு நூறு கிலோபிட் அளவே போதும். முகம் தெரியும் அழைப்புக்கும் இரண்டு அல்லது மூன்று மெகாபிட் இருந்தால் தாராளம். அந்த அளவு நமக்கு வரும் பாதையில் மட்டுமன்றி, நம்மிடமிருந்து போகும் பாதையிலும் இருக்க வேண்டும். வரும் பாதை அகன்றும், போகும் பாதை குறுகியும் இருப்பதே பெரும்பாலான இணைப்புகளின் இயல்பு. திரைப்படம் பார்ப்போருக்கு அதனால் குறையில்லை, பேசுவோருக்கு உண்டு.

இதனினும் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சொல் போய்ச் சேரும் தாமதம். மற்றொன்று, இடையிடையே அறுபடாமை. திரைப்படம் ஐந்து நொடி முன்னதாகவே தரவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு நொடி இணைப்புப் போனாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. பேச்சை முன்கூட்டிச் சேமிக்க முடியுமா? "உணவுக்கு முன்" என்பதில் 'முன்' என்னும் சொல் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே அழைப்புத் தொழில் செய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு வேகம்?" என்பதன்று; "ஒரு மணிநேரம் அறுபடாமல் நிற்குமா?" என்பதே.

இரும்புச் சுவரும் கூரைமேல் கொம்பும்

வானொலிப் பெட்டியைத் தகர டப்பாவுக்குள் வைத்து மூடினால் பாட்டு எப்படி மங்குமோ, அப்படியே இரும்புப் படகுக்குள் கைப்பேசியின் அலையும் மங்குகிறது. சாளரம் வழியே நுழைவதே உள்ளே கிடைக்கிறது. போதாக்குறைக்குக் கால்வாயும் பல இடங்களில் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓடுகிறது. கரையில் நிற்பவர் கையில் நான்கு கோடு காட்டும் கைப்பேசி, படகுக்குள் இறங்கியதும் ஒரு கோடாகிவிடுவதை நானே கண்டேன்.

ஆதலின் முதற்பணி, அலை வாங்கும் உறுப்பைக் கூரைக்கு ஏற்றுவது. படகின் கூரைமேல் ஒரு ஆண்டெனா. அதிலிருந்து இரண்டு கம்பிகள் உள்ளே இறங்கி, சிம் கார்டு பொருத்திய ரூட்டரில் சேர்கின்றன. அந்த ரூட்டரே படகு முழுவதற்கும் வைஃபை வழங்குகிறது. கம்பியின் நீளம் கூடக்கூட அலை வலுவிழக்கும். ஆகவே ரூட்டரை ஆண்டெனாவுக்கு நேர் கீழே வைத்திருக்கிறான். கால்வாய்ப் பாலங்கள் மிகத் தாழ்வானவை என்பதால், உயர்ந்த ஆண்டெனாவைப் பயணத்தின்போது மடக்கி வைக்க வேண்டும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. 800 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும். மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஐந்தாம் தலைமுறைச் சேவைக்கு மிகுதியாகப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை பெருவேகம் தரும். ஆனால் தொலைவு செல்லாது. நகருக்குள் இரண்டாவது நன்று. வயல்வெளியில் முதலாவதே துணை. "புதியது" என்பதற்காகவே விலை கொடுத்து வாங்கும் கருவி, கோபுரம் மூன்று மைலுக்கு அப்பால் நிற்கும் சிற்றூரில் அந்த விலைக்கேற்ற பயனைத் தராது.

இரண்டு பெயர், ஒரே கோபுரம்

ஒரு நிறுவனத்தை மட்டும் நம்பியதே இலையுதிர் காலத்து இடருக்குக் காரணம் என்று உணர்ந்த என் மருமகன், இரண்டாவது சிம் கார்டு ஒன்றை வாங்க முற்பட்டான். அப்போதுதான் ஓர் உண்மை தெரியவந்தது. பிரிட்டனில் கைப்பேசிச் சேவை விற்கும் பெயர்கள் எண்ணற்றவை. ஆனால் சொந்தக் கோபுரங்களைக் கொண்ட வலையமைப்புகள் நான்கே: ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ. அவற்றுள்ளும் வோடஃபோனும் த்ரீயும் 2025-ஆம் ஆண்டில் ஒரே நிறுவனமாயின. மற்றப் பெயர்கள் எல்லாம் இவர்களுடைய வலையமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்துபவையே. இலங்கைத் தமிழர் மூவர் 2001-இல் தொடங்கிய லெபாராவை நம்மவர் பலர் அறிவர். பிரிட்டனில் அது வோடஃபோனின் வலையமைப்பிலேயே இயங்குகிறது. கிஃப்காஃப் என்பது ஓ2-வின் வலையமைப்பில் இயங்குகிறது.

ஒருவர் வோடஃபோன் சிம் ஒன்றும் லெபாரா சிம் ஒன்றும் வைத்திருந்தால், தமக்கு இரண்டு வழி இருப்பதாக நினைப்பார். உண்மையில் வழி ஒன்றே, வாசற்படிதான் இரண்டு. அந்த வலையமைப்புக்கு ஓரிடத்தில் அலை இல்லையென்றால் இரண்டு கார்டுகளும் சேர்ந்தே ஊமையாகும். இரண்டாவது கார்டு வேறு வலையமைப்பைச் சேர்ந்ததா என்று கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும். தகவல் தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் என்னும் அரசமைப்பின் வரைபடத்தில், எந்த ஊரில் எந்த வலையமைப்பு எட்டுகிறது என்பதை எவரும் பார்க்கலாம். வரைபடம் வழிகாட்டும், ஆனால் மரமும் பள்ளமும் அதில் முழுமையாகத் தெரியா.

ஒப்பந்தத்தையும் அவன் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கும் வகையிலேயே எடுத்தான். வீடு நகர்வது, கோடையில் தெற்கே, குளிரில் வடக்கே என்றும் ஆகலாம். இரண்டாண்டு ஒப்பந்தம் ஒரே இடத்தில் வேர்விட்டவருக்கே பொருந்தும். தரவின் அளவையும் கணக்கிட்டான். முகம் தெரியும் அழைப்பு மணிக்கு ஒரு ஜிகாபைட்டை ஒட்டிச் செலவழிக்கும். நாளைக்கு ஐந்து மணிநேரம், மாதம் இருபது நாள் என்றால் நூறு ஜிகாபைட் ஆகிறது. அளவு வரம்பில்லாத் திட்டமே அவனுக்கு ஏற்றதாயிற்று.

விண்ணிலிருந்து வரும் வழி

படகுக்காரர் பலருடைய கூரையில் இப்போது வெண்ணிறத் தட்டொன்று காணப்படுகிறது. ஸ்டார்லிங்க் என்னும் செயற்கைக்கோள் இணைப்பின் தட்டு அது. பழைய வகைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. நாம் பேசிய சொல் மேலே சென்று, கீழே வந்து, மறுமொழியும் அவ்வாறே திரும்புவதற்கு அரை நொடி கழிந்துவிடும். இருவர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடாமல் உரையாட அது பெருந்தடை. ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே பறப்பதால் அந்தத் தாமதம் உணரப்படுவதில்லை. ஆனால் தாழப் பறப்பவை விரைந்து கடந்துபோகும். ஒன்று மறைய மற்றொன்றைத் தட்டுப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு விரிந்த வானம் தேவை. ஒரு மரக்கிளை குறுக்கிட்டால் சில நொடிகள் பேச்சு அறும், பின் வரும், பின் அறும்.

இதன் நன்மையையும் குறையையும் ஒரே வார இறுதியில் கண்டேன். பெர்காம்ஸ்டெட் என்பது பழைய கோட்டையின் இடிபாடுகள் உள்ள அழகிய ஊர். இரயில் நிலையமும் கடைவீதியும் அருகிலேயே இருப்பதால் கைப்பேசி அலைக்குக் குறைவில்லை. அங்கிருந்து வடக்கே சென்றால், கால்வாய் படிப்படியாக ஏறி டிரிங் என்னும் உச்சியை அடைகிறது. ஏறுவதற்கு 'லாக்' எனப்படும் நீர்க்கூண்டுகள் உண்டு. படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, மேலிருந்து நீரைத் திறந்தால், தண்ணீரோடு படகும் உயரும். பிறகு முன்கதவைத் திறந்து மேலே செல்லலாம்.

உச்சியில் ஒன்றரை மைல் நீளத்துக்குக் குன்றை அறுத்து வழி அமைத்திருக்கிறார்கள். இருபுறமும் செங்குத்தான கரை. கரைமேல் மரங்கள் வளைந்து கூரை வேய்ந்தது போல் நிற்கின்றன. கண்ணுக்கு அதைவிட இனிய இடம் வேறில்லை. அங்கே முதல் சிம் ஒற்றைக் கோடு காட்டியது. இரண்டாவது அதுவும் காட்டவில்லை. பக்கத்தில் வந்த படகுக்காரர் தம் தட்டு நிமிடத்துக்கொருமுறை அறுகிறது என்றார். மண்ணின் வழியும் விண்ணின் வழியும் ஒரே தடையால் அடைபடக்கூடும் என்பதை அங்கே அறிந்தேன். இரண்டு வழி இருந்தால் மட்டும் போதாது. நிற்கும் இடமும் ஏற்றதாயிருக்க வேண்டும்.

ஒரு மணிநேரம் கடந்து மார்ஸ்வொர்த் என்னும் சிற்றூரை அடைந்தோம். உச்சிக் கால்வாய்க்கு நீர் ஊட்டுவதற்காகப் பழங்காலத்தில் அமைத்த ஏரிகள் அங்கு உள்ளன. ஒரு படகு ஒரு லாக்கைக் கடக்க ஏறத்தாழ 50,000 காலன் நீர் இறங்கிவிடும் என்பதால், உச்சிக்கு ஏரி இன்றியமையாதது. ஏரிக்கரையில் வானம் திறந்து கிடந்தது. அங்கே எல்லாத் தட்டுகளும் தடையின்றி இயங்கின. எங்கள் கூரை ஆண்டெனாவும் நிறைவாக அலை வாங்கியது.

மின்சாரக் கணக்கு

"அப்படியானால் நீயும் தட்டு வாங்கலாமே?" என்று கேட்டேன். மருமகள் ஒரு காகிதத்தில் கணக்கெழுதிக் காட்டினாள். படகில் மின்கம்பி இல்லை; பேட்டரியே உண்டு. வழக்கமான தட்டு 75 வாட் அளவில் மின்சாரம் கொள்ளும். எட்டு மணிநேரத்துக்கு 600 வாட்-மணி; பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் 50 ஆம்பியர்-மணி. ஈய அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆக நூறு ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றை அந்தத் தட்டே தின்றுவிடும். சிறிய தட்டு ஏறத்தாழ அதில் பாதி கொள்ளும். சிம் ரூட்டரோ பத்து வாட்டில் அடங்கும். எட்டு மணிநேரத்துக்கு ஏழு ஆம்பியர்-மணி போதும்.

மே மாதத்தில் கூரையின் சோலார் தகடுகள் வேண்டிய மட்டும் தரும். டிசம்பரில் அந்நாட்டுப் பகல் எட்டு மணிநேரத்துக்கும் குறைவு. சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்வான். அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை நிரப்ப வேண்டும். அயலாருக்கு இடையூறாகாதபடி, கட்டி நிற்கும் படகில் இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை எஞ்சின் ஓட்டலாகாது என்பது விதி. ஆகவே, "குளிர்கால இரவிலும் நாம் ஊட்டக்கூடிய கருவிதானா?" என்பதைக் கேட்டே எதையும் வாங்குகிறார்கள். இரண்டு வலையமைப்புகளின் சிம்களை அன்றாட வழியாகவும், சிறிய தட்டொன்றை அலை எட்டாத இடங்களுக்கு மட்டுமான துணையாகவும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார்கள்.

இங்கே மற்றொரு எச்சரிக்கையும் தேவை. இரண்டு சிம் பொருத்திய ரூட்டர், ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தானே மாறும். மாறுவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்நேரம் நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுந்தே போகும். இரண்டின் வழியாகவும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறைகள் உண்டு. அவற்றுக்குத் தனிக் கட்டணம். என் மருமகன் எளிய வழியொன்றைக் கைக்கொண்டான். இரண்டாவது சிம்மைத் தனிக் கைப்பேசியில் போட்டு, அருகிலேயே விழிப்பாக வைத்திருக்கிறான். கணினி அறுந்தால், இணையம் வேண்டாச் சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே அரை நிமிடத்துக்குள் தொடர்பு கொள்வதென்று தன் பணி நிலையத்தாரோடு முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறான். மூன்றாம் தலைமுறைச் சேவையை அந்நாட்டு நிறுவனங்கள் 2024-ஆம் ஆண்டை ஒட்டி மூடத் தொடங்கியதால், அக்கைப்பேசியும் நான்காம் தலைமுறையில் குரல் பேச வல்லதா என்று சோதித்தே வாங்கினான்.

பாலங்களின் குறிப்பேடு

இங்கிலாந்துக் கால்வாய்களில் பாலந்தோறும் எண் பொறித்த பலகை உண்டு. அந்த எண்களே படகுக்காரரின் முகவரி. மருமகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பால எண், நாள், நேரம், இரண்டு வலையமைப்புகளின் நிலை, வானம் திறந்ததா மூடியதா, அருகில் நூலகம் உண்டா என ஒவ்வொன்றையும் அதில் எழுதி வருகிறாள். படகைக் கட்டும் முன் சைக்கிளில் கரையோரமாக ஒரு மைல் முன்னே போய், இரண்டு கைப்பேசிகளிலும் சோதித்துத் திரும்புகிறாள். காலையில் ஒருமுறை, மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை. பள்ளி விட்டும் அலுவல் முடிந்தும் ஊரார் திரும்பும் நேரத்தில் கோபுரம் நெரிசலாகிவிடும். காலையில் கிடைத்தது மாலையில் கிடைக்குமென்று சொல்வதற்கில்லை. படகுத்துறைகளில் கிடைக்கும் பொது வைஃபைக்கும் இதே குறை உண்டு.

இலையுதிர் காலத்துக்குப் பின் அந்த நோட்டுப் புத்தகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள் ஏறியிருந்தன. எதிரே வரும் படகுக்காரர்கள் நின்று கேட்பார்கள், இவள் சொல்வாள், அவர்கள் வடக்கே கண்டதைச் சொல்வார்கள், அதையும் குறித்துக்கொள்வாள். கடையில் விலைக்குக் கிடைக்கும் எந்தக் கருவியைக் காட்டிலும் அந்த அரைக் கிரௌன் அளவு நோட்டே அவ்வீட்டின் இணைப்பைக் காக்கிறது என்பது என் கருத்து.

சுரங்கத்தின் வாயிலில்

மூன்றாம் வார இறுதியில் ஸ்டோக் புரூர்ன் என்னும் ஊரை அடைந்தோம். ஏழு லாக்குகளும் ஒரு கால்வாய் அருங்காட்சியகமும் அங்கே உள்ளன. அதற்கப்பால் பிளிஸ்வொர்த் சுரங்கம். 1805-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் நீளம் 3,076 கெஜம். உள்ளே நடைபாதை இல்லை. ஆகவே குதிரைகளைக் குன்றின் மேல்வழியே அனுப்பிவிட்டு, ஆட்கள் படகின்மீது மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்களாம். இன்று எஞ்சின் இருந்தும் அதைக் கடக்க அரை மணிநேரத்துக்கு மேலாகிறது. மண்ணின் அலையும் இல்லை. விண்ணின் அலையும் இல்லை. முன்விளக்கின் ஒளியும் கூரையிலிருந்து சொட்டும் நீரும் மட்டுமே.

வாயிலில் படகை நிறுத்தி, என் மருமகன் கைப்பேசியை எடுத்து, அடுத்த மூன்று மணிநேரம் தான் பணிக்கு இல்லை என்று பதிவு செய்தான். அன்று சனிக்கிழமை, அழைப்பு வருவதே அரிது. "வராவிட்டால் என்ன, வந்துவிட்டால்? இருக்கிறேன் என்று காட்டிவிட்டு இல்லாமல் போகக்கூடாது மாமா" என்றான். லாக்குகளைக் கடக்கும்போதும், டிரிங் பள்ளத்தில் சென்றபோதும் அவன் அவ்வாறே செய்ததை நான் கவனித்திருந்தேன். அதனால் அவனுக்குச் சில மணிநேர ஊதியம் குறைகிறது. ஆனால் இலையுதிர் காலத்துக்குப் பின் அவனிடம் ஓர் அழைப்பும் நடுவே அறுந்ததில்லை.

படகில் குடியேறப் போவோர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் மலையூர் விடுதியில் தங்கிப் பணிபுரியும் மகளுக்கும், கப்பலில் வேலை செய்யும் மகனுக்கும், மின்தடை மிகுந்த சிற்றூரில் இருந்துகொண்டே அலுவல் பார்க்கும் மருமகனுக்கும் இக்கேள்விகள் பொதுவானவை. எனக்குத் தேவை வேகமா, அறுபடாமையா? என் இரண்டாம் வழி உண்மையிலேயே வேறு வழிதானா? அதை இயக்க என்னிடம் மின்சாரம் உண்டா? நான் அமரப்போகும் இடத்தில், நான் பேசப்போகும் நேரத்தில், யாரேனும் சோதித்துப் பார்த்தார்களா? எல்லாம் அறுந்தால் யாருக்கு எப்படித் தெரிவிப்பேன்? இவ்வைந்துக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்வோர் பணத்தை வீணாக்க மாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் தமக்கையாரிடம் இவற்றை விவரித்தேன். மகன் சனிக்கிழமைகளில் தொலைபேசியை எடுக்காதபோதெல்லாம் அவர் ஜன்னலருகே அமர்ந்து கலங்குவது வழக்கம். "சனிக்கிழமை என்றால் வீடு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், லாத்தா" என்று சொல்லிவைத்தேன். இப்போது வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவன் பேசுகிறான். மறுநாள் எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலத்துக்குப் போகிறான் என்பதை உம்மாவிடம் முன்னதாகவே சொல்லிவிடுகிறான். அவரும் நாட்காட்டியின் ஓரத்தில் அந்த எண்களை எழுதி வைத்துக்கொள்கிறார்.